இஸ்ரோ தொடங்கிய நாள் எது? ஒரே நிறுவனத்துக்கு இத்தனை தேதிகள் ஏன்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் இந்தக் குழப்பம் தவறாமல் வந்துவிடுகிறது. 15-ஆம் தேதி, சுதந்திர தின வாழ்த்துகளுக்கு நடுவே, ‘இன்று இஸ்ரோ நிறுவப்பட்ட நாள்’ என்ற செய்தி வலம் வருகிறது. எட்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, தேசிய விண்வெளி நாள் கொண்டாடப்படுகிறது. அதையே இஸ்ரோவின் பிறந்தநாள் என்று எண்ணி வாழ்த்துச் சொல்பவர்கள் பலர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் பாடு இன்னும் சிரமம். ஒரு கையேட்டில் 1962 என்று இருக்கிறது, அடுத்ததில் 1969, வேறொன்றில் 1972. நவம்பர் 21 வந்தால் இந்திய விண்வெளித் திட்டத்தின் வயதுக்கு வேறொரு கணக்கு.

இந்தத் தேதிகள் எல்லாமே உண்மையான நிகழ்வுகளுக்கு உரியவை. ஒன்று ஒரு குழு அமைந்த ஆண்டு, ஒன்று முதல் ராக்கெட் கிளம்பிய நாள், ஒன்று நிறுவனம் பெயர் பெற்ற நாள், ஒன்று அரசுத் துறை உருவான நாள். எந்தத் தேதி எதைக் குறிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் தேர்வுக்கான விடை கிடைத்துவிடும். அதைவிட முக்கியமாக, இஸ்ரோ ஏன் இன்று இருக்கும் வடிவில் இருக்கிறது, தனியார் ராக்கெட் நிறுவனங்கள் வந்த பிறகு விண்வெளிச் சட்டம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதும் விளங்கும்.

முதலில் மூன்று பெயர்கள்

செய்திகளில் ‘இஸ்ரோ’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அமைப்புகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம்.

1. விண்வெளி ஆணையம்: கொள்கை வகுக்கும் உயர்மட்ட அமைப்பு. எந்தத் திசையில் போவது என்று தீர்மானிப்பது இதன் வேலை.

2. விண்வெளித் துறை: மத்திய அரசின் துறை. பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருப்பது. நாடாளுமன்றத்தில் நிதி ஒதுக்கப்படுவது இந்தத் துறையின் பெயரில்தான்.

3. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது இஸ்ரோ: அந்தத் துறையின் கீழ் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் வடிவமைத்து, கட்டி, ஏவும் நிறுவனம். திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியின் உந்துவிசை வளாகம் எல்லாம் இதன் கிளைகள்.

மூன்றுக்கும் தலைமை ஒருவரே. ஆணையத்தின் தலைவர், துறையின் செயலர், இஸ்ரோவின் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒரே மனிதரிடம் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் இவை ஒரே நாளில் உருவானவை அல்ல. இஸ்ரோ முதலில் வந்தது. ஆணையமும் துறையும் மூன்று ஆண்டுகள் கழித்து வந்தன. குழப்பத்தின் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

1962: ஒரு குழு, அதுவும் அணுசக்தித் துறைக்குள்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. அது பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு நடந்துகொண்டிருந்த காலம். பல நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து புவியின் காந்தப்புலம், மேல் வளிமண்டலம், சூரியனின் தாக்கம் ஆகியவற்றை ஒரே நேரத்தில் அளந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவிலும் இந்த வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கிய இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. மும்பையில் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது.

ஆள் இருந்தும் விண்வெளிக்கென்று ஓர் அரசு அமைப்பு இல்லை. 1961 ஆகஸ்டில் மத்திய அரசு விண்வெளி ஆராய்ச்சியை அணுசக்தித் துறையின் பொறுப்பில் ஒப்படைத்தது. அணுசக்திக்கும் விண்வெளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அறிவியல் தொடர்பைவிட நிர்வாகக் காரணமே பெரிது. 1954-இல் அமைக்கப்பட்ட அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. அதன் செயலராக இருந்தவர் ஹோமி பாபா. வழக்கமான அமைச்சகக் கோப்புகளின் வேகத்தில் நகராத ஒரு துறை அது. புதிதாக ஒன்றைத் தொடங்க அதைவிடத் தோதான இடம் அன்றைய தில்லியில் இல்லை.

அந்தத் துறைக்குள் 1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான இந்திய தேசியக் குழு அமைக்கப்பட்டது. இதன் சுருக்கப் பெயர் இன்காஸ்பார். தலைவர் விக்ரம் சாராபாய். சில கையேடுகளில் 1962 என்று காணப்படுவது இந்தக் குழு அமைந்த ஆண்டே. இஸ்ரோவின் முன்னோடி என்று இதைச் சொல்வது சரி. இஸ்ரோவே இதுதான் என்று சொல்வது சரியல்ல.

இந்தியா தனித்து ஓடிய ஓட்டமும் அல்ல இது. பாகிஸ்தான் தன் விண்வெளி அமைப்பான சுபார்க்கோவை 1961 செப்டம்பரில் தொடங்கி, 1962 ஜூன் 7 அன்று ரெஹ்பர்-1 என்ற ஆய்வு ராக்கெட்டை ஏவிவிட்டது. அதற்குப் பதினேழு மாதங்களுக்குப் பிறகுதான் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ஆண்டுவிழாக் கட்டுரைகள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகின்றன. யார் முந்தினார்கள் என்பதை வைத்துப் பின்னால் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தும்பாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

திருவனந்தபுரத்தை ஒட்டிய மீனவக் கிராமம் தும்பா. அது தேர்வானதற்கு அறிவியல் காரணம் உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

காந்த ஊசியை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால், புவியின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வடக்கே போகப் போகச் சாய்வு கூடும். சில இடங்களில் மட்டும் ஊசி சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். அந்த இடங்களை இணைத்து வரையும் கோட்டுக்குக் காந்த நிலநடுக்கோடு என்று பெயர். இது வரைபடத்தில் நாம் காணும் நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வளைந்து செல்கிறது. இந்தியாவில் அது தென்கோடியைத் தொட்டுச் செல்கிறது. 1960-களில் தும்பாவுக்கு மிக அருகில் சென்றது.

இந்தக் கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் குறுகலான பட்டையாகப் பலத்த மின்னோட்டம் ஓடுகிறது. சூரிய ஒளி காற்றின் அணுக்களை அயனிகளாக்குவதாலும், காந்தப்புலம் அங்கே கிடைமட்டமாக இருப்பதாலும் நிகழ்வது இது. இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வு பலூன்கள் நாற்பது கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டுவதே அரிது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் காற்றின் உராய்வில் விரைவிலேயே விழுந்துவிடும். மேலே போய், சில நிமிடங்கள் அளந்து, திரும்பிக் கடலில் விழும் ஆய்வு ராக்கெட் ஒன்றே வழி. அந்த ராக்கெட்டை அந்தக் கோட்டின் அருகிலிருந்தே ஏவ வேண்டும்.

ஆக, தும்பாவில் ஏவுதளம் அமைவது இந்தியாவுக்கு மட்டும் பயன்படும் விஷயமாக இருக்கவில்லை. உலக விஞ்ஞானிகள் அனைவருக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. சாராபாய் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். அமெரிக்காவின் நாசா ராக்கெட் தந்தது. பிரான்ஸ் ஆய்வுக் கருவி தந்தது. சோவியத் யூனியன் ஹெலிகாப்டரும் கணினியும் தந்தது. கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே பதறிய அந்தக் காலத்தில், பகைவர்களாக நின்ற இரு வல்லரசுகளும் ஒரே கடற்கரையில் உதவின. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

கிராமத்தில் இருந்த மரிய மகதலேனா தேவாலயமும் ஆயர் இல்லமும் ஏவுதளத்துக்கு வேண்டிய நிலத்துக்குள் அடங்கின. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் ஒப்புதலோடு நிலம் கிடைத்தது. அங்கிருந்த குடும்பங்கள் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தன. தேவாலயம் அலுவலகமாகவும் பணிக்கூடமாகவும் ஆனது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். அறிவியலுக்கு வழிவிட்டது என்று இதை எளிதாக எழுதிவிடலாம். ஊரையும் கடற்கரையையும் விட்டுக் கிளம்பியவர்கள் மீனவர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1963 நவம்பர் 21: அந்த மாலையில் நடந்தது என்ன?

அன்று மாலை ஏவப்பட்டது நைக்-அபாச்சி என்ற இரண்டடுக்கு அமெரிக்க ராக்கெட். அதன் தலைப்பகுதியில் இருந்தது பிரான்ஸின் சோடியம் ஆவிக் கருவி. நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த இளம் பொறியாளர் குழு அதைத் தயார் செய்தது. ராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அந்தக் குழுவில் ஒருவர்.

ஏவும் நேரம் அந்திப் பொழுதாக இருந்தாக வேண்டும். தரையில் சூரியன் மறைந்து வானம் இருண்டிருக்கும். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேலே இன்னும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும். ராக்கெட் அந்த உயரத்தில் சோடியம் ஆவியை வெளிவிட்டதும், அது வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்த உயரத்துக் காற்று ஆவியை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் இழுத்துச் செல்கிறது என்பதை வெவ்வேறு ஊர்களில் வைத்த கேமராக்கள் படமெடுக்கும். படங்களை ஒப்பிட்டால் மேல் வளிமண்டலக் காற்றின் வேகமும் திசையும் கிடைத்துவிடும். பகலில் ஏவினால் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நன்றாக இருட்டிய பின் ஏவினால் ஆவியின் மேல் வெயில் படாது. இடையிலுள்ள சில நிமிடங்களில்தான் இந்தச் சோதனை முடியும்.

அன்று சோதனை வெற்றி பெற்றது. 2023 நவம்பரில் இதன் அறுபதாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. இந்திய விண்வெளித் திட்டம் செயலில் தொடங்கிய நாள் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இந்தத் தேதியைத்தான் சொல்வேன். அதே நேரம், அன்று பறந்தது இந்திய ராக்கெட் இல்லை, அன்று இஸ்ரோ என்ற பெயரும் இல்லை.

குழு ஏன் போதவில்லை?

1963-க்கும் 1969-க்கும் நடுவில் வேலையின் அளவு மாறிவிட்டது. மூன்று திசைகளில் அது பெருகியது.

1. சொந்த ராக்கெட். 1965-இல் தும்பாவில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப மையம் அமைந்தது. 1967 நவம்பர் 20 அன்று முதல் உள்நாட்டு ராக்கெட்டான ரோகிணி-75 பறந்தது. அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். என்றாலும் எரிபொருள் வேதியியல், உலோகவியல், மின்னணுவியல், பாதுகாப்பு விதிகள் என ஒவ்வொன்றுக்கும் நிரந்தர ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

2. செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பு. 1967-இல் அகமதாபாத்தில் சோதனைத் தரைநிலையம் இயங்கத் தொடங்கியது. கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் மூலம் தொலைக்காட்சியைக் கொண்டு செல்வது சாராபாயின் பெரிய கனவு. இதற்காக 1969 செப்டம்பரில் நாசாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

3. இன்னொரு ஏவுதளம். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்த வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவினால் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் வினாடிக்குச் சுமார் 0.45 கிலோமீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. தும்பா மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏவினால் ராக்கெட் மக்கள் வாழும் நிலப்பரப்புக்கு மேலே பறக்க வேண்டும். எரிந்து கழலும் அடுக்குகள் ஊர்களின் மேல் விழும். எனவே கிழக்குக் கரையில் இடம் தேடினார்கள். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது. அங்கிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபரில் ஏவப்பட்டது.

(துருவப் பாதையில் தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது இதற்காகத்தான்.)

ராக்கெட் தொழிற்கூடம், தரைநிலையம், புதிய ஏவுதளம் ஆகிய மூன்றையும் ஒரு குழு கூடிக் கலைந்து நடத்த முடியாது. ஆள் எடுக்க, பொருள் வாங்க, நிலம் பெற, ஒப்பந்தம் போடத் தனி நிறுவனம் வேண்டும்.

1969 ஆகஸ்ட் 15: பெயர் பிறந்த நாள்

நிலவில் மனிதன் கால் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1969 ஆகஸ்ட் 15 அன்று இன்காஸ்பாரின் இடத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கப்பட்டது. தலைவர் சாராபாயே. ‘இஸ்ரோ எப்போது தொடங்கப்பட்டது?’ என்ற கேள்விக்குச் சரியான விடை இந்தத் தேதிதான். தேர்வில் இதையே எழுத வேண்டும்.

மாறாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். இஸ்ரோ அன்றும் அணுசக்தித் துறையின் கீழேயே இருந்தது. 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடம் வந்திருந்தது. அணுவும் விண்வெளியும் ஒரே மனிதரின் தோளில் இருந்தன. 1970-இல் வெளியான பத்தாண்டுத் திட்டமும் அணுசக்தி, விண்வெளி இரண்டுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

அந்த நிறுவனத்தின் நோக்கத்தைச் சாராபாய் அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார். நிலவுக்கும் கோள்களுக்கும் போவதில் பணக்கார நாடுகளோடு போட்டியிடும் மயக்கம் நமக்கு இல்லை. ஆனால் மக்களின் உண்மையான பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் சளைத்தவர்களாக இருக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். வானிலை, தொலைத்தொடர்பு, நில வளக் கணக்கெடுப்பு ஆகியவை முதலில் வந்ததும், நிலவுப் பயணம் 2008-இல் சந்திரயான்-1 வரை காத்திருந்ததும் இந்த வரிசையின் விளைவே. பட்டினி இருக்கும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அன்றைக்கு நியாயமானது. அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், அதற்கான பதிலையே நிறுவனத்தின் அடித்தளமாக வைத்ததுதான் 1969-இன் பெருமை என்று நான் கருதுகிறேன்.

1972: உண்மையான திருப்பம்

1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் கோவளத்தில் தங்கியிருந்தபோது காலமானார். வயது 52. இரண்டு பெரிய திட்டங்கள் ஒரே நாளில் தலைவரை இழந்தன.

அரசு அப்போது எடுத்த முடிவு பிந்தைய ஐம்பது ஆண்டுகளைத் தீர்மானித்தது. அணுவையும் விண்வெளியையும் பிரித்தார்கள். அணுசக்தி ஹோமி சேத்னாவிடம் போனது. விண்வெளிக்கு எம்.ஜி.கே. மேனன் சில மாதங்கள் இடைக்காலத் தலைவராக இருந்தார். 1972 ஜூன் மாதம் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் அமைக்கப்பட்டன. இஸ்ரோ அந்தத் துறையின் கீழ் வந்தது. தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் சதீஷ் தவான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான அவர் அப்போது அமெரிக்காவில் கால்டெக்கில் இருந்தார். இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூருவில் இருக்க வேண்டும், அறிவியல் கழக இயக்குநர் பதவியிலும் தான் தொடர வேண்டும். அரசு இரண்டையும் ஏற்றது. இஸ்ரோவின் தலைமையகம் தில்லியில் இல்லாமல் பெங்களூருவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரிவினையின் முழு மதிப்பு 1974 மே 18 அன்று பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடந்தபோது தெரிந்தது. அணுத்துறையில் வெளிநாட்டு ஒத்துழைப்பு இறுகியது. விண்வெளியோ அப்போது தனித் துறை. அடுத்த ஆண்டே இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவைச் சோவியத் யூனியன் ஏவியது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பானது. அணுவும் விண்வெளியும் ஒரே கூரையின் கீழ் இருந்திருந்தால் இது இவ்வளவு சுமுகமாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே. தேதிகளில் மிகக் குறைவாகக் கொண்டாடப்படுவது 1972; விளைவுகளை வைத்துப் பார்த்தால் மிகப் பெரியதும் அதுதான்.

1975 ஏப்ரல் 1 அன்று இஸ்ரோ அரசு நிறுவனமாக மாறியது. பதினெட்டே நாளில், ஏப்ரல் 19 அன்று, பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகைகளில் யு.ஆர். ராவ் தலைமையில் உருவான ஆரியபட்டா விண்ணில் ஏறியது.

ஆகஸ்ட் 23 எதற்கு?

இது நிறுவனத்தின் நாள் அல்ல, ஒரு சாதனையின் நாள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. மூன்று நாள் கழித்து, பெங்களூருவில் இஸ்ரோ விஞ்ஞானிகளிடையே பேசிய பிரதமர் மோடி அந்தத் தேதியைத் தேசிய விண்வெளி நாளாக அறிவித்தார். 2024-இல் முதல்முறையாகக் கொண்டாடப்பட்டது.

தரையிறங்கிய அன்றே பெருமை யாருக்கு என்ற அரசியல் சண்டையும் தொடங்கியது. தேதிகளை வைத்தால் விடை எளிது. குழு அமைந்ததும் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்ததும் நேரு காலத்தில். இஸ்ரோவும் விண்வெளித் துறையும் உருவானது இந்திரா காந்தி காலத்தில். சந்திரயான்-1 பறந்தது மன்மோகன் சிங் காலத்தில். சந்திரயான்-3 இறங்கியதும் தனியாருக்குக் கதவு திறந்ததும் மோடி காலத்தில். எந்த ஒரு பெயரை நீக்கினாலும் சங்கிலி அறுந்துபோகும்.

ஆண்டுவிழாவில் தவறாமல் வரும் இரண்டு படங்கள்

ஒன்று, சைக்கிளின் பின்னிருக்கையில் ராக்கெட்டின் கூம்புப் பகுதியை வைத்துத் தள்ளிச் செல்லும் படம். 1960-களில் தும்பாவில் எடுக்கப்பட்டது. அன்றைய நிலையத்தில் வண்டி வசதி குறைவு. படம் சொல்வது உண்மைதான்.

மற்றது, மாட்டுவண்டியில் செயற்கைக்கோள் இருக்கும் படம். அது 1981-இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோள். லாரி வாங்கப் பணமில்லாததால் மாட்டுவண்டி என்று பகிரப்படுகிறது. அதன் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. இரும்பு உடல் கொண்ட வண்டியில் வைத்தால் உலோகம் ரேடியோ அலைகளைத் திருப்பி அளவீட்டைக் கெடுக்கும். பெரும்பாலும் மரத்தால் ஆன வண்டி அந்தத் தொல்லையைத் தவிர்த்தது. ஒரு பொறியியல் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட நேர்த்தியான தீர்வை ஏழ்மையின் அடையாளமாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

தொடங்கிய விதம் இன்றைக்கு என்ன செய்கிறது?

நாசாவுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. 1958 ஜூலை 29 அன்று அதற்கான சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். அக்டோபர் 1 அன்று நிறுவனம் இயங்கத் தொடங்கியது. அந்தச் சட்டம் நாசாவின் கடமை என்ன, அதிகாரம் என்ன என்று எழுதி வைத்தது. இஸ்ரோவுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. 1962-இன் குழுவும் 1969-இன் நிறுவனமும் 1972-இன் ஆணையமும் அரசின் நிர்வாக முடிவுகளால் வந்தவை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்தவை அல்ல.

அரசே ராக்கெட் கட்டி, அரசே ஏவி, அரசே பயன்படுத்திய காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், வேகமாக முடிவெடுக்க உதவியது. 2020-இல் தனியாருக்கு அனுமதி வழங்கவும் மேற்பார்வையிடவும் இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு நிலைமை வேறு. 2022 நவம்பர் 18 அன்று ஸ்கைரூட் என்ற தனியார் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் பறந்தது. 2024 மே 30 அன்று சென்னையின் அக்னிகுல் தன் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

1967-இன் விண்வெளி உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் தனியார் நிறுவனம் விண்வெளியில் செய்யும் செயலுக்கும் அந்த நாட்டின் அரசே பொறுப்பு. தனியார் ராக்கெட்டின் பாகம் வேறொரு நாட்டில் விழுந்து சேதம் விளைவித்தால் இழப்பீடு கேட்டு இந்திய அரசிடம்தான் வருவார்கள். அந்தத் தொகையை அந்தத் தனியார் நிறுவனத்திடமிருந்து அரசு எப்படி வசூலிக்கும் என்பதற்குத் தனிச் சட்டம் வேண்டும். 2017 நவம்பரில் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. கொள்கை அரசின் எண்ணத்தைச் சொல்லும். நீதிமன்றத்தில் உரிமையையும் கடமையையும் நிலைநாட்டச் சட்டம் தேவை.

அப்படியொரு சட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் முதன்மையானவை இவை:

1. விபத்து நேர்ந்தால் தனியார் நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும், எவ்வளவுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும்?

2. இன்-ஸ்பேஸ் அனுமதி மறுத்தால் நிறுவனம் எங்கே மேல்முறையீடு செய்வது?

3. அனுமதி தரும் அமைப்பும், தானே ராக்கெட் ஏவும் இஸ்ரோவும் ஒரே துறையின் கீழ் இருக்கும்போது, இஸ்ரோவின் ஏவுதளத்தையும் சோதனைக்கூடங்களையும் தனியாருக்கு எந்த விதியின்படி, எந்த வரிசையில் பகிர்ந்து தருவது?

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. 1972-இல் ஆணையம், துறை, இஸ்ரோ மூன்றையும் ஒரே தலைமையின் கீழ் வைத்த ஏற்பாட்டை அது நேராகத் தொடுகிறது.